பிளஸ் டூ இயற்பியல் எடுக்கக் கூப்பிடுகிறார்கள், எனக்குத் தைரியம் இல்லை. போகலாமா?

கேள்வி கேட்டவர் எம்.எஸ்சி. இயற்பியலும் பி.எட்.டும் முடித்தவர். பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர். ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஒரு தனியார் மெட்ரிக் மேல்நிலைப் பள்ளியில் டெமோ வகுப்பு எடுத்தார். அன்றைக்கே 'ஜூனில் வந்து சேருங்கள், பிளஸ் டூவுக்கு பிசிக்ஸ்' என்று சொல்லிவிட்டார்கள். வகுப்பு ஆங்கில வழி என்பது ஒரு கவலை. பி.எட். பயிற்சியின்போது ஒன்பதாம் வகுப்புக்கு மேல் எடுத்துப் பழக்கம் இல்லை. பசங்க ஏதாவது கேட்டு, பதில் தெரியாமல் நின்றால் என்ன ஆகும், பாதியில் விட்டுவிட்டு வரும்படி ஆகுமோ, பேசாமல் ஒரு வருஷம் வீட்டில் இருந்து டி.ஆர்.பி.க்கு, அதாவது ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தேர்வுக்கு, படிக்கலாமா என்று கேட்கிறார். இந்த வாரக் கடைசிக்குள் பள்ளிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் அவர்கள் நீட்டிய வடிவத்தில் அப்படியே வேண்டாம். பிளஸ் டூவுக்குப் பதிலாக முதல் வருஷம் பிளஸ் ஒன் கேட்டுப் பாருங்கள். அது கிடைக்காவிட்டால், கீழே சொல்லும் சில விஷயங்கள் ஒத்துவந்தால் மட்டும் பிளஸ் டூ. எதுவுமே ஒத்துவரவில்லை என்றால் கும்பிடு போட்டுவிட்டு வேறு பள்ளி பாருங்கள். நான் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் எடுத்து ஓய்வு பெற்றவள். ஆள் எடுக்கும் மேசைக்கு அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் இரண்டு பக்கத்துச் சமாசாரமும் கொஞ்சம் தெரியும்.

அந்தப் பக்கத்துச் சமாசாரத்தையே முதலில் சொல்கிறேன். உங்களைத் தேர்வு செய்தவர்களுக்கு நீங்கள் புதியவர் என்பது தெரியாமல் இல்லை. விண்ணப்பத்தில் அனுபவம் என்ற கட்டம் காலியாக இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் எடுத்திருக்கிறார்கள். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். உங்கள் டெமோ நிஜமாகவே பிடித்திருக்கலாம். அனுபவசாலி கேட்கிற சம்பளத்தைக் கொடுக்க மனசு வராமல் இருக்கலாம். அல்லது இருந்த ஆசிரியர் மார்ச்சோடு கிளம்பிவிட்டார், மே மாதத்தில் வேறு ஆள் அகப்படவில்லை. முதல் காரணம் என்றால் நல்லது. இரண்டாவது என்றால் உலக வழக்கம்தான், அதில் அவமானம் ஒன்றும் இல்லை. மூன்றாவது என்றால் அந்த ஆசிரியர் ஏன் போனார் என்று விசாரிக்க வேண்டும். கரஸ்பாண்டென்ட்டிடம் (பள்ளித் தாளாளரிடம்) கேட்டால் 'கல்யாணம் ஆகிப் போய்விட்டார்' என்பார். பள்ளி வேனில் போகும் ஆசிரியைகளிடம் கேளுங்கள், சரியான பதில் வரும். ஒரே பாடத்துக்கு இரண்டு வருஷத்தில் மூன்று பேர் மாறியிருந்தால் சிக்கல் வந்தவர்களிடம் இல்லை.

இப்போது உங்கள் பயத்துக்கு வருவோம். அமெரிக்காவில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த பிரான்சிஸ் ஃபுல்லர் என்பவர் புது ஆசிரியர்களின் கவலைகளை ஆராய்ந்து 1969 முதல் சில கட்டுரைகள் எழுதினார். ஆரம்பத்தில் கவலை எல்லாம் தன்னைச் சுற்றியே இருக்கிறது: வகுப்பை என்னால் அடக்க முடியுமா, என்னை ஏற்றுக்கொள்வார்களா, கேள்வி கேட்டால் மானம் போய்விடுமா. கற்பிக்கும் வேலை பற்றிய கவலை பிறகு வருகிறது. கடைசியில்தான் பிள்ளைகளுக்குப் புரிந்ததா என்ற கவலை. உங்கள் கேள்வியைத் திரும்பப் படித்துப் பாருங்கள், முழுக்க முதல் ரகம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. புதிதாக வருகிற எல்லாரும் நிற்கிற இடம் இது. எனவே பயம் இருக்கிறது என்பதை வைத்து நீங்கள் தகுதி இல்லாதவர் என்ற முடிவுக்கு வர முடியாது. பயமே இல்லாமல் 'பிளஸ் டூவா, ஜுஜுபி' என்று வருகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஆனால் பயத்துக்குள் உண்மையான குறை ஒன்று ஒளிந்திருக்கலாம். அதைத் தனியாகப் பிரித்து எடுக்க வேண்டும். 'எனக்குப் பாடம் தெரியுமா' என்பதற்கு எம்.எஸ்சி. மதிப்பெண் பட்டியல் பதில் சொல்லாது. குவாண்டம் மெக்கானிக்ஸில் எண்பது வாங்கியவர் பிளஸ் டூ முதல் பாடமான நிலைமின்னியலில் சறுக்கி விழுவது அதிசயம் இல்லை. ஓர் உதாரணம். காஸ் விதி நடத்தி முடிக்கிறீர்கள். மூடிய பரப்புக்குள் மின்னூட்டம் இல்லை என்றால் மின்பாயம், அதாவது பரப்பைக் கடக்கும் மின்புலக் கோடுகளின் நிகரக் கணக்கு, பூஜ்யம் என்று பலகையில் எழுதுகிறீர்கள். இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, 'மிஸ், அப்போ அந்தப் பரப்பில் மின்புலமும் பூஜ்யமா?' என்று கேட்பாள். வருஷா வருஷம் யாராவது ஒருத்தி கேட்பாள். உங்களுக்கு டைவர்ஜன்ஸ் தேற்றம் தெரியும், அதை வைத்து அவளுக்குப் பதில் சொல்ல முடியாது. பரப்புக்கு வெளியே ஒரு மின்னூட்டம் இருக்கிறது, அதன் புலம் பரப்பின் மேல் எல்லா இடத்திலும் இருக்கிறது, ஒரு பக்கம் நுழைகிற புலக்கோடு மறுபக்கம் வெளியேறிவிடுவதால் கூட்டிக் கழித்துப் பாயம் பூஜ்யம் ஆகிறது என்று சொல்ல வேண்டும். ஓடுகிற வாய்க்காலில் மூங்கில் கூடையை முக்கினால் தண்ணீர் ஒரு பக்கம் நுழைந்து இன்னொரு பக்கம் போய்விடும், கூடைக்குள் ஊற்று இல்லை என்பதற்காக வாய்க்காலில் ஓட்டமே இல்லை என்று சொல்வோமா என்று கேட்டால் அவள் உட்கார்ந்துவிடுவாள்.

மின்கலத்தை அளக்கும் மின்னழுத்தமானியிலும் (பொட்டென்ஷியோமீட்டர்) இதே மாதிரி ஒன்று வரும். சமநிலைப் புள்ளியில் கால்வனாமீட்டர் பூஜ்யம் காட்டுகிறது. 'அப்போ கம்பியில் கரண்ட் இல்லையா மிஸ்?' கம்பியில், அதாவது முதன்மைச் சுற்றில், மின்னோட்டம் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. கால்வனாமீட்டர் இருக்கும் கிளையில் மட்டும்தான் இல்லை. அதனால்தான் அந்த மின்கலத்தின் மின்னியக்கு விசையை அப்படியே அளக்க முடிகிறது. இது உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் எங்கே தடுக்கி விழுவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது தனி அறிவு. கல்வியாளர் லீ ஷுல்மன் 1986-இல் இந்த அறிவைப் பாட அறிவிலிருந்தும் பொதுவான கற்பித்தல் திறமையிலிருந்தும் பிரித்துப் பேசினார். அது எந்தப் பட்டப் படிப்பிலும் முழுசாகக் கிடைக்காது. அந்த வகுப்பை எடுத்துத்தான் வரும். அதனால் 'முழுசாகத் தயாரான பிறகு வேலைக்குப் போகிறேன்' என்று காத்திருந்தால் இந்தப் பகுதி தயாராகவே ஆகாது.

வேலைக்குப் போவதற்கு முன்னாலேயே இருக்க வேண்டியது வேறு. அதைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன், இந்த வாரமே செய்துவிடலாம். அரசுத் தேர்வுத் துறையின் பழைய பிளஸ் டூ இயற்பியல் வினாத்தாள் ஒன்றை எடுங்கள். படிக்காமல், அலைபேசியைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு, மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதுங்கள். எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண்: ஒரு மதிப்பெண் 15, இரண்டு மதிப்பெண்ணில் ஒன்பதுக்கு ஆறு, மூன்று மதிப்பெண்ணில் ஒன்பதுக்கு ஆறு, ஐந்து மதிப்பெண் 5. மீதி 30-இல் 20 செய்முறைக்கு, 10 அகமதிப்பீட்டுக்கு. எழுதி முடித்ததும் விடைக்குறிப்பை வைத்து ஈவு இரக்கம் இல்லாமல் திருத்துங்கள்.

மொத்தம் எவ்வளவு என்பதை விட எங்கே போயிற்று என்று பாருங்கள். ஐந்து மதிப்பெண் தருவிப்புகளில் போயிருந்தால் கவலை வேண்டாம். இருமுனையின் அச்சுக்கோட்டில் மின்புலம், பயட்-சாவர்ட் விதியின் பயன்பாடு, லென்ஸ் உருவாக்குவோர் சமன்பாடு எல்லாம் நாள்பட்டதால் மறந்திருக்கும், இரண்டு வாரத்தில் திரும்ப வந்துவிடும். இரண்டு, மூன்று மதிப்பெண் பகுதிகளில் 24-ஆவது, 33-ஆவது கேள்விகள் கட்டாயம் எழுத வேண்டியவை, பெரும்பாலும் கணக்காகவே வரும். அந்தக் கணக்குகளில் சமன்பாட்டைப் போட்டுப் பதில் தப்பாக வந்திருந்தால் அதுவும் பழக்கக் குறைவுதான். எந்தக் கருத்தில் ஆரம்பிப்பது என்றே தெரியாமல் கணக்குக்குக் கணக்கு பேனா நின்றுவிட்டது என்றால்தான் நிஜமான குறை. என் கணக்கில், தயாரிப்பு இல்லாமல் ஐம்பதைத் தொட்டால் தாராளமாகப் போகலாம். நாற்பதுக்குக் கீழே என்றால் பிளஸ் டூவை இந்த வருஷம் தொட வேண்டாம். இடையில் என்றால் பள்ளி என்ன தருகிறது என்பதைப் பொறுத்தது. இது ஆராய்ச்சி முடிவு இல்லை, பலரைப் பார்த்ததில் வந்த மதிப்பீடு.

சரி, பள்ளி என்ன தருகிறது? இங்கேதான் பெரும்பாலானவர்கள் தப்பான கேள்வியைக் கேட்கிறார்கள். 'வாரத்துக்கு எத்தனை பீரியட்?' என்று கேட்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியது, 'எத்தனை விதமான பாடம்?' பிளஸ் டூ ஏ, பி இரண்டு பிரிவு, பிளஸ் ஒன் ஏ, பி இரண்டு பிரிவு, மொத்தம் 28 பீரியட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் தயாரிப்பு இரண்டே இரண்டுதான். ஏ பிரிவில் சொதப்பியதை பி பிரிவில் சரிசெய்துகொள்ளலாம். இந்த ஒரு வசதிக்காகவே இரட்டைப் பிரிவு புது ஆசிரியருக்கு வரம். இதையே பிளஸ் டூ, பிளஸ் ஒன், பத்தாம் வகுப்பு அறிவியல், ஒன்பதாம் வகுப்பு அறிவியல் என்று கொடுத்து 22 பீரியட்தான் என்றால் தயாரிப்பு நான்கு, அதில் உயிரியலும் வேதியியலும் சேரும். ஆள் ஆகஸ்டிலேயே படுத்துவிடுவார். முதல் வருஷம் ஒரு பிளஸ் டூ பீரியடுக்கு இரண்டு மணி நேரமாவது தயாரிப்பு வேண்டும். அந்த மணி நேரங்கள் உங்கள் நாளில் எங்கே இருக்கின்றன என்று தாளில் எழுதிப் பாருங்கள். காலை ஸ்பெஷல் கிளாஸ், மாலை ஸ்டடி, ஸ்லிப் டெஸ்ட் பேப்பர் கட்டு, சனிக்கிழமை வேலை நாள், பேருந்தில் போக வர ஆகும் நேரம் எல்லாவற்றையும் கழித்துவிட்டு எழுதுங்கள்.

அடுத்தது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? இயற்பியல் எடுக்கும் இன்னொரு முதுகலை ஆசிரியர் அந்தப் பள்ளியில் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அவர் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். எந்தத் தலைப்புக்கு எத்தனை நாள் ஒதுக்குகிறார், எதைப் பலகையில் எழுதுகிறார், எதை வாயால் சொல்லிவிட்டுத் தாண்டுகிறார் என்று பார்த்தால் ஒரு வாரத்தில் தெரிந்துகொள்வது ஏராளம். நீங்கள் ஒருவர்தான் பிசிக்ஸ் என்றால், ஆய்வகப் பொறுப்பு, செய்முறைத் தேர்வு, ரிசல்ட் எல்லாம் உங்கள் தலையில்தான். புதியவருக்கு அது அதிகம்.

ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள், பிசிக்ஸ் டீச்சர் லேப் பார்க்கக் கேட்பதில் தப்பே இல்லை. நிறமாலைமானியின் தொலைநோக்கி வழியாகப் பாருங்கள், குறுக்குக் கம்பி இருக்கிறதா? சோடியம் விளக்கு எரிகிறதா? மின்னழுத்தமானியின் கம்பி துரு ஏறிக் கிடக்கிறதா? செனார் டையோடு, ஐ.சி. எல்லாம் டப்பாவில் இருக்கின்றனவா, அல்லது ஸ்டாக் ரெஜிஸ்டரில் மட்டும் இருக்கின்றனவா? பார்த்த மாத்திரத்தில் அந்தப் பள்ளி இயற்பியலை எப்படி நடத்துகிறது என்று புரிந்துவிடும். பூட்டுக்குச் சாவி தேடவே கால் மணி நேரம் ஆனால் அதுவும் பதில்தான்.

பிளஸ் ஒன் கேளுங்கள் என்று ஏன் சொன்னேன்? உங்கள் முதல் பேட்ச், உங்கள் பழக்கக் குறைவுக்கான விலையைக் கொஞ்சம் கொடுக்கத்தான் செய்யும். இதை மழுப்பாமல் ஒப்புக்கொள்ள வேண்டும். பொறியியல் சேர்க்கைக்கான 200 கட்-ஆஃபில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. பிளஸ் டூவில் நூற்றுக்கு ஆறு மதிப்பெண் குறைந்தால் கட்-ஆஃபில் மூன்று போகும். மூன்று கட்-ஆஃப் என்றால் கல்லூரியே மாறிப்போகும் என்பது கவுன்சலிங் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிளஸ் ஒன்னுக்கு இப்போது பொதுத்தேர்வு இல்லை. 2017-18-இல் கொண்டுவந்ததை 2025-இல் மாநிலக் கல்விக் கொள்கை வந்தபோது எடுத்துவிட்டார்கள். அதனால் பிளஸ் ஒன்னில் நீங்கள் ஒரு பாடத்தை இரண்டு முறை நடத்த நேர்ந்தாலும் பிள்ளைகளுக்கு நஷ்டம் குறைவு. அதே பிள்ளைகளோடு அடுத்த வருஷம் பிளஸ் டூவுக்கு ஏறிவிடலாம். யாருக்கு வெக்டர் வராது, யார் வகைநுண்கணிதம் என்றால் ஓடுவான் என்பதெல்லாம் அதற்குள் தெரிந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. பிளஸ் ஒன் பாடம் எளிது என்று நினைத்துவிடாதீர்கள். திண்மப் பொருட்களின் சுழற்சி இயக்கத்தை விடக் குழப்பமான பாடம் பிளஸ் டூவில் இல்லை என்பது என் கட்சி. இன்னொன்று, பொதுத்தேர்வு இல்லாததால் பிளஸ் ஒன் பாடத்தையே சுருட்டி வைத்துவிட்டு முதல் வருஷத்திலேயே பிளஸ் டூ போர்ஷனைத் தொடங்கும் பள்ளிகள் உண்டு. 'பிளஸ் ஒன் தருகிறோம்' என்று சொன்னால், எந்தப் புத்தகம் நடக்கும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்தைப் பற்றி நீங்கள் ரொம்பவே கவலைப்படுகிறீர்கள், எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. எம்.எஸ்சி. ஆங்கிலத்தில் படித்திருக்கிறீர்கள், கலைச்சொற்கள் கையில் இருக்கின்றன. உங்களுக்கு இல்லாதது வகுப்பறையில் சரளமாகப் பேசும் பழக்கம் மட்டும்தான். சிறு நகரத்து மெட்ரிக் பள்ளிகளில் பலகையில் ஆங்கிலமும் வாயில் தமிழுமாகத்தான் பிளஸ் டூ வகுப்புகள் பெரும்பாலும் நடக்கின்றன. டெமோவில் உங்கள் ஆங்கிலத்தைக் கேட்டுவிட்டுத்தானே எடுத்தார்கள்? பாடநூல் கழகத்தின் இயற்பியல் புத்தகம் இரண்டு வழியிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, பாட வரிசை இரண்டிலும் ஒன்றுதான். தமிழ்ப் புத்தகத்தில் படித்துப் புரிந்துகொண்டு, ஆங்கிலப் புத்தகத்தை வாய்விட்டுப் படியுங்கள். தருவிப்பை எழுதிக்கொண்டே ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுங்கள். வீட்டில் யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

பதில் தெரியாமல் நிற்பது பற்றி. நிற்பீர்கள். எனக்குத் தெரிந்து நிற்காத ஆசிரியர் இல்லை. நீட் பயிற்சிக்குப் போகிற பையன் ஒருத்தன் முதல் வாரமே ஒரு கணக்கைக் கொண்டுவந்து நீட்டுவான். அவனுக்குப் பதில் ஏற்கெனவே தெரியும், உங்களை ஆழம் பார்க்கிறான். அங்கே உளறினால்தான் மானம் போகும். பலகையின் வலது மூலையில் கேள்வியை எழுதிவிட்டு, 'நல்ல கேள்வி, நாளைக்கு முதல் ஐந்து நிமிஷத்தில் போட்டுக் காட்டுகிறேன்' என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடருங்கள். மறுநாள் உள்ளே நுழைந்ததும் வருகைப் பதிவு எடுப்பதற்கு முன்னாலேயே அதைப் போட்டுவிடுங்கள். அந்த மறுநாள்தான் முக்கியம். சொன்னபடி செய்கிற டீச்சர் என்று பெயர் வந்துவிட்டால் 'தெரியாது' என்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை. மறந்துவிட்டீர்களோ, அந்தப் பையன் மறக்க மாட்டான்.

வகுப்பை அடக்குவது பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்வார்கள். உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஆறேழு வயசுதான் வித்தியாசம், அக்கா மாதிரி நடந்துகொள்ளத் தோன்றும். முதல் பருவம் முடியும்வரை அதைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள், பெயர்களை முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள். மற்றது தானாக வரும்.

இப்போது இருக்கும் நாட்களில் முழுப் புத்தகத்தையும் முடித்துவிட்டு ஜூனில் நுழைவேன் என்று கங்கணம் கட்டாதீர்கள், முடியாது, முடிந்தாலும் பாதி மறந்துவிடும். பிளஸ் டூ என்றால் முதல் மூன்று பாடங்கள் போதும்: நிலைமின்னியல், மின்னோட்டவியல், காந்தவியல். அவற்றின் புக் பேக் கணக்குகள் ஒன்று விடாமல், கைடைத் திறக்காமல், உங்கள் கையால் ஒரு நோட்டில் போட்டு வையுங்கள். பிறகு வகுப்பை விட இரண்டு வாரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தால் சரி. மே மாதத்திலேயே பிளஸ் டூ வகுப்பு தொடங்கும் வழக்கம் அந்தப் பள்ளியில் உண்டா என்பதை இன்றைக்கே கேட்டுவிடுங்கள். பாதியில் நுழைகிறீர்கள் என்றால் கணக்கு மாறும்.

டி.ஆர்.பி. விஷயம். வீட்டில் இருந்து படிப்பது கேட்க நன்றாக இருக்கிறது. முதுகலை ஆசிரியர் தேர்வுக்கு 2019-இல் அறிவிப்பு வந்தது, அடுத்தது 2021-இல், அதற்கு அடுத்தது 2025-இல். வருஷா வருஷம் வரும் தேர்வு இல்லை. அறிவிப்பு வந்து தேர்வு நாளும் கையில் இருக்கிறது என்றால் நானே 'வேலையை விட்டுப் படி' என்பேன். இல்லாத தேர்வுக்கு வீட்டில் உட்கார்ந்தால் மூன்றாவது மாதம் சோர்வு வரும், ஐந்தாவது மாதம் உறவுக்காரர்கள் வருவார்கள். வேலைக்குப் போனால் டி.ஆர்.பி.க்கும் அதுவே தயாரிப்பு என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். அந்தத் தேர்வின் 150 கேள்வியில் 110 பாடப் பகுதி, பட்டப் படிப்பு, முதுகலைத் தரத்தில் இருக்கும், பிளஸ் டூ நடத்துவதால் அது படிந்துவிடாது. இரவில் ஒரு மணி நேரமாவது தனியாக அதற்கு ஒதுக்க வேண்டும். முதல் ஆறு மாதம் அதுவும் முடியாது, பிறகு முடியும்.

எந்த நிலையில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்பதையும் எழுதிவிடுகிறேன். சேரும்போது அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றால் வேண்டாம். நகல் கொடுக்கலாம், அசலைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும். பி.எட். சான்றிதழ் அவர்கள் பீரோவில் இருக்கும்வரை உங்களால் வேறு நேர்முகத்துக்குப் போக முடியாது, டி.ஆர்.பி. சான்றிதழ் சரிபார்ப்பு வந்தால் அவர்கள் காலில்தான் விழ வேண்டும். 'நூறு சதவீதம் ரிசல்ட் கொடுப்பேன், இல்லாவிட்டால் சம்பளப் பிடித்தத்துக்குச் சம்மதம்' என்ற மாதிரி ஏதாவது தாளில் கையெழுத்து கேட்டால் வேண்டாம். பிசிக்ஸோடு வேதியியலையும் 'இப்போதைக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்றால் வேண்டாம், அந்த இப்போதைக்கு மார்ச் வரை போகும். நீட் வகுப்பும் நீங்களே எடுக்க வேண்டும் என்றால் முதல் வருஷத்தில் வேண்டவே வேண்டாம். கொள்குறி வினாவுக்கு வேகமாகப் போடுகிற திறமை தனி, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சம்பளத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. எவ்வளவு சொன்னார்கள் என்று தெரியாததால் ஓர் அளவுகோல் மட்டும் தருகிறேன். அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக எடுத்த முதுகலை ஆசிரியருக்கு 2022-இல் மாதம் 12,000 என்று அறிவித்து, பிறகு 18,000 ஆக்கினார்கள். அதுவே குறைவு என்றுதான் எல்லாரும் பேசினோம். அதற்கும் கீழே தந்துவிட்டு ஆறு நாளும் காலை முதல் இரவு வரை பள்ளியில் இருக்கச் சொன்னால் பேரம் பேசுங்கள். பணம் ஏறாவிட்டாலும் மாலை ஸ்டடியில் இருந்தாவது விலக்கு கேளுங்கள். முதல் வருஷத்தில் உங்களுக்கு அந்த மாலை நேரம் பணத்தை விடப் பெரிது.

கடைசியாக, இதை அவர்களிடம் எப்படிச் சொல்வது. போனில் வேண்டாம், நேரில் போங்கள். 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று ஆரம்பிக்காதீர்கள். 'சேர்வதில் எனக்கு விருப்பம் சார். முதல் வருஷம் பிளஸ் ஒன் இரண்டு பிரிவும் கொடுத்தால் அதே பேட்சை அடுத்த வருஷம் பிளஸ் டூவுக்குக் கொண்டு வருகிறேன். பிளஸ் டூதான் வேண்டும் என்றால் அதோடு பிளஸ் ஒன் மட்டும் போதும், கீழ் வகுப்பு வேண்டாம். ஜூன் மாதம் சீனியர் சார் வகுப்பில் சில பீரியட் உட்கார அனுமதி வேண்டும்' என்று சொல்லுங்கள். இரண்டு வருஷம் இருக்கப்போகிறேன் என்று அதிலேயே சொல்லிவிட்டீர்கள், மே மாதத்தில் எந்தக் கரஸ்பாண்டென்ட்டுக்கும் அது காதில் தேன் பாய்ச்சும். அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றால் வினாத்தாளை எழுத உங்களுக்கு இன்னும் ஒரு நாள் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'அதெல்லாம் ஒத்துவராது, கொடுக்கிறதை எடுங்கள்' என்று எடுத்தெறிந்து பேசினால், அங்கே சேர்ந்த பிறகு எப்படிப் பேசுவார்கள் என்பதும் தெரிந்துவிடும். ஜூன் பாதிவரை ஆள் கிடைக்காமல் தேடிக்கொண்டிருக்கும் பள்ளிகள் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கும். எம்.எஸ்சி. பி.எட். பிசிக்ஸ் என்றால் இன்னும் கேட்டுக் கூப்பிடுகிறார்கள்.